நோஞ்சான் ஜெயித்த கதையா அது?

'பாட்டில் ஷாக்' படத்தைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: மனசுக்கு இதமான படம். ராண்டல் மில்லர் இயக்கி 2008-இல் வந்த இந்தப் படம், 1976-இல் பாரிஸில் நடந்த ஒரு சுவைத்தேர்வை வைத்து எடுக்கப்பட்டது. கலிபோர்னியாவின் பட்டிக்காட்டு ஒயின்காரர்கள் பிரான்சின் பரம்பரைப் பெருந்தலைகளை மண்ணைக் கவ்வ வைத்தார்கள் என்பது கதை. படத்தில் அது தப்பு, இது தப்பு என்று யாராவது சொன்னால், "சினிமாவில் அதெல்லாம் சகஜம், சாரம் உண்மைதானே" என்று பதில் வரும். ஒயின் எழுத்தாளர்களிலேயே பலர் இந்தச் சமாதானத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

விவரப் பிழைகளை மன்னித்துவிடலாம். சுவாரசியத்துக்காகக் காதலைச் சேர்ப்பதும் கார் ரிப்பேர் ஆவதும் சினிமாவின் உரிமை. இந்தப் படத்தில் பொய்யாக இருப்பது அந்தச் சாரமேதான்.

கதை பழகிய தடத்தில் போகிறது. வக்கீல் தொழிலை உதறிவிட்டு ஷாட்டோ மோன்டலீனா என்ற ஒயின் ஆலையை வாங்கிய ஜிம் பாரெட் (பில் புல்மன்) கடனில் மூழ்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய மகன் போ (கிறிஸ் பைன்) முடி வளர்த்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவன். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போகாது. திராட்சைத் தோட்டத்து நடுவே குத்துச்சண்டை மேடை போட்டு ஒருவரை ஒருவர் குத்திக்கொள்கிறார்கள். பாட்டிலில் அடைத்த வெள்ளை ஒயின் திடீரென்று பழுப்பேறிப் போகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்லிவிட்டு அப்பா பழைய வக்கீல் வேலையைத் தேடிப் போகிறார். கடைசி நேரத்தில் ஒயின் தானே தெளிந்துவிடுகிறது. மகன் பாரிஸுக்குப் போகிறான், ஜெயிக்கிறான். நல்ல மனசும் விடாப்பிடியும் இருந்தால் தெய்வம் துணை நிற்கும் என்பதுதான் இந்தத் திரைக்கதையின் கணக்கு.

நடந்தது வேறு. 1976 மே 24 அன்று பாரிஸ் இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில் ஒன்பது பிரெஞ்சுக்காரர்கள் நடுவர்களாக உட்கார்ந்தார்கள். ரொமானே-கோன்டி தோட்டத்தின் ஒபேர் த வில்லேன், பிரான்சின் முக்கியமான ஒயின் பத்திரிகையின் ஆசிரியர் ஓதெத் கான், டெய்வான் உணவகத்தின் ழான்-குளோத் விரினா, புகழ்பெற்ற சமையற்கலைஞர் ரேமோன் ஒலிவியே ஆகியோர் அவர்களில் சிலர். ஏற்பாடு செய்தது பாரிஸில் ஒயின் கடையும் ஒயின் பள்ளியும் நடத்திக்கொண்டிருந்த ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியரும், அவரோடு வேலை பார்த்த அமெரிக்கப் பெண் பட்ரிசியா கேலகரும். அமெரிக்க விடுதலையின் 200-ஆம் ஆண்டை ஒட்டி, கலிபோர்னியாவில் புதிதாக என்ன செய்கிறார்கள் என்பதை பிரெஞ்சுக்காரர்களுக்குக் காட்டுவதே நோக்கம். மோதல் நடத்தும் எண்ணமெல்லாம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சில பிரெஞ்சு ஒயின்களையும் கலந்து வைத்த ஸ்பரியர், லேபிளை மறைத்துச் சுவைக்கச் சம்மதமா என்று நடுவர்களிடம் கேட்டதே கடைசி நேரத்தில்தான். பிரான்ஸ்தான் முதலில் வரும் என்று அவரே நம்பியிருந்தார்.

முதலில் வெள்ளை. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் செய்த ஷார்டனே என்ற வெள்ளை ஒயினை உறிஞ்சிய ஒலிவியே, அப்பாடா, பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம் என்ற பொருளில் ஏதோ சொன்னார். இன்னொரு நடுவர் பிரான்சின் பர்கண்டிப் பகுதியின் பெரிய தோட்டத்து ஒயின் ஒன்றை முகர்ந்து, வாசனையே இல்லை, இது கலிபோர்னியாதான் என்று அடித்துச் சொன்னார். இதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ள அங்கே இருந்த ஒரே பத்திரிகையாளர் 'டைம்' வார இதழின் ஜார்ஜ் டேபர். அடுத்து சிவப்பு ஒயினுக்கு மேசையைத் துடைத்துத் தயார்செய்ய ஹோட்டல் ஊழியர்களுக்கு நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் ஸ்பரியர் வெள்ளை ஒயின்களின் முடிவை வாசித்துவிட்டார். மோன்டலீனா 1973 முதலிடம், 132 மதிப்பெண். அதிர்ந்துபோன நடுவர்கள் சிவப்பில் உஷாராகிவிட்டார்கள். அதிலும் முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973-க்குத்தான் போனது. ஓதெத் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார். ஸ்பரியர் தரவில்லை.

ஒரு படத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? படம் இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்த நேரத்தில் பாரிஸிலேயே இல்லாத போ பாரெட்டைக் கொண்டுபோய் அங்கே நிறுத்துகிறது. முடிவு வந்தபோது அப்பா ஜிம் பாரெட் போர்தோ பகுதியில், ஷாட்டோ லாஸ்கோம்பில் மதிய விருந்தில் இருந்தார். அவரும் கலிபோர்னிய ஒயின்காரர்கள் சிலரும் குழுவாக பிரான்சைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார்கள். டேபர் தொலைபேசியில் கூப்பிட்டு ஜிம்முக்குச் செய்தி சொன்னார். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் ஜோன் டிபுயே என்ற பெண். போட்டிக்கான பாட்டில்களை விமானத்தில் பாரிஸுக்குக் கொண்டுசேர்த்ததும் அவருடைய குழுவினர்தான். படத்தில் டிபுயேக்கும் கேலகருக்கும் இடமில்லை. 1975-லேயே கலிபோர்னியாவுக்குப் போய்த் தோட்டங்களைப் பார்த்து வந்தவர் கேலகர். இந்த யோசனையே அவரிடமிருந்து வந்ததுதான். இவர்களுக்குப் பதிலாகப் படத்தில் சாம் என்ற கற்பனைப் பெண் வருகிறாள். ஆலையில் வேலை பழக வந்தவள், அழகாக இருக்கிறாள், இரண்டு இளைஞர்களுக்கு நடுவே ஊசலாடுகிறாள். வேலை செய்த இரண்டு பெண்களை எடுத்துவிட்டுக் காதலிக்க ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள்.

ஸ்பரியரின் கதி இன்னும் வேடிக்கை. படத்தில் அவர் வியாபாரமே இல்லாத கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும், மூக்கைத் தூக்கிக்கொண்டு பேசும் நடுத்தர வயது மனிதர். நடித்த ஆலன் ரிக்மேனுக்கு அப்போது வயது 60-ஐத் தாண்டியிருந்தது. 1976-இல் ஸ்பரியருக்கு 34. அவருடைய கடை நன்றாகவே ஓடியது, 1973-இல் தொடங்கிய பள்ளிக்கு பிரெஞ்சுக்காரர்களே படிக்க வந்தார்கள். அந்த மரியாதை இருந்ததால்தான் ஒன்பது பெருந்தலைகளை அவரால் ஒரு மேசையில் உட்கார வைக்க முடிந்தது. படத்தில் உண்மை என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன ஸ்பரியர், வழக்குப் போடுவேன் என்றும் கோபப்பட்டார். ரிக்மேனின் நடிப்பு படத்திலேயே சிறந்த அம்சம் என்பது வேறு விஷயம்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைக் குறைகள் என்று ஒருவர் ஒதுக்கிவிடலாம். மைக் கெர்கிச்சை அப்படி ஒதுக்க முடியாது.

1973-ஆம் ஆண்டின் அந்த ஷார்டனேயைச் செய்தவர் அவர்தான். பிறந்தது 1923-இல், குரோஷியாவின் டால்மேஷியப் பகுதியில் டெஸ்னே என்ற கிராமத்தில். குடும்பத்தில் ஒயின் செய்வது பரம்பரைப் பழக்கம். குழந்தையாக இருக்கும்போதே திராட்சை மிதித்தவர். ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தில் ஒயின் தொழில்நுட்பம் படித்தார். 1954-இல் கம்யூனிஸ்ட் யூகோஸ்லாவியாவை விட்டு வெளியேறி, ஜெர்மனியிலும் கனடாவிலும் சில ஆண்டுகள் தள்ளிவிட்டு, 1958-இல் நாபாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் தலையிலிருந்த பெரே தொப்பி பிறகு அவருடைய அடையாளமாகிவிட்டது.

நாபாவில் அவர் கற்றுக்கொண்டே மேலே வந்தார். முதலில் சூவரன் ஆலையில் லீ ஸ்டூவர்ட்டிடம் வேலை. பீப்பாய் கழுவுவதில்கூடப் பிடிவாதமான சுத்தம் பார்க்கும் முதலாளி. பிறகு கிறிஸ்தவத் துறவியர் நடத்திய கிறிஸ்டியன் பிரதர்ஸ் ஆலை. அடுத்து போலியு ஆலையில் ஆந்திரே செலிஷ்சேஃப்பிடம் சுமார் ஒன்பது ஆண்டுகள். செலிஷ்சேஃப் மாஸ்கோவில் பிறந்தவர், பாரிஸில் படித்தவர், 1938-இல் கலிபோர்னியாவுக்கு வந்து நவீன ஒயின் செய்முறையை அங்கே வேரூன்ற வைத்தவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் கெர்கிச் நொதித்தலைக் கட்டுப்படுத்தக் கற்றார். சிவப்பு ஒயினின் கடுமையான புளிப்பைப் பாக்டீரியாவைக் கொண்டு மென்மையாக்கும் இரண்டாம் நொதித்தலை, தானாக நடக்கும்வரை காத்திருக்காமல் வேண்டும்போது தூண்டிவிடும் முறையும் அதில் ஒன்று. 1968-இல் ராபர்ட் மொண்டாவியின் ஒயின் ஆலைக்குப் போனார். 1972-இல் ஜிம் பாரெட் கூப்பிட, மோன்டலீனாவுக்கு வந்தார்.

அங்கே பழைய கொடிகளைப் பிடுங்கிப் புதிதாக நட்டிருந்தார்கள். நட்ட கேபர்னே என்ற சிவப்பு ஒயின் திராட்சை காய்த்து, ஒயினாகி, பீப்பாயில் முதிர்ந்து விற்பனைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை கையில் காசு புரள வேண்டும் என்றால், விரைவில் விற்கக்கூடிய வெள்ளை ஒயினை வெளியிலிருந்து வாங்கிய திராட்சையில் செய்யலாம் என்று திட்டம் போட்டவர் கெர்கிச். உலகப் புகழ்பெற்ற அந்த ஷார்டனே பிறந்ததே இந்த வரவு செலவுக் கணக்கில்தான். குளிர்ந்த தொட்டியில் மெல்ல நொதிக்க விட்டார், பிரெஞ்சு ஓக் பீப்பாயில் வைத்தார், காற்று படாமல் பார்த்துக்கொண்டார். ஒயினை வளர்க்க வேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவருடைய கட்சி.

படத்தில் இந்த மனிதர் எங்கே? பெரே தொப்பி போட்ட ஒருவர் பின்னணியில் அவ்வப்போது நடமாடுகிறார், பேரும் வசனமும் இல்லாமல். ஒயின் செய்வது அப்பா பாரெட்தான் என்று பார்வையாளர் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பாட்டில் பழுப்பேறியதற்கான காரணத்தைச் சொல்லக்கூட டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரைத் தேடித்தான் போகிறார்கள். காற்றே படாமல் அத்தனை நேர்த்தியாகச் செய்ததால் வந்த தற்காலிக நிறமாற்றம் என்கிறார் அவர். அந்த நேர்த்தி யாருடையது என்று படம் கேட்டிருந்தால் கெர்கிச்சிடம்தான் போய் நின்றிருக்கும். கேட்காததால் நேர்த்தி அற்புதமாக மாறிவிடுகிறது.

நோஞ்சான் ஜெயிக்கும் கதைக்கு நிபுணர் ஒத்துவரமாட்டார். அவர் வந்துவிட்டால், முப்பது ஆண்டு படித்தவர் ஜெயித்ததில் என்ன ஆச்சரியம் என்று பார்வையாளருக்குத் தோன்றிவிடும். எனவே நிபுணரை ஓரங்கட்டிவிட்டு முதலாளியையும் அவருடைய மகனையும் நடுவில் வைக்கிறார்கள். அறிவு இருந்த இடத்தில் அதிர்ஷ்டத்தை உட்கார வைக்கிறார்கள். வந்தேறிக் கைவினைஞர் ஒருவரின் வெற்றி, சொத்துக்காரக் குடும்பத்தின் அப்பா-பிள்ளைப் பாசக்கதையாகிவிடுகிறது. எளியவருக்காகப் பேசுவதாகச் சொல்லும் படம், அந்த ஆலையிலேயே எளிய நிலையிலிருந்து வந்தவரைத்தான் ஊமையாக்கியிருக்கிறது.

சரி, அந்த முதலாளி எவ்வளவு எளியவர்? பாரெட் தென் கலிபோர்னியாவின் வசதியான வக்கீல். அவருடைய கூட்டாளிகளில் ஒருவரான எர்னஸ்ட் ஹான் அமெரிக்காவின் பெரிய ஷாப்பிங் மால் கட்டுமானக்காரர். மோன்டலீனாவும் குடிசை அல்ல. கயிறு வியாபாரத்தில் சம்பாதித்த ஆல்ஃபிரட் டப்ஸ் 1880-களில் எழுப்பிய கல் மாளிகை. கடன் இருந்தது, கவலையும் இருந்தது, மறுக்க வேண்டாம். ஆனால் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள் எல்லோரையும் ஏழைகள் கணக்கில் சேர்த்தால் ஏழைகள் என்ன ஆவார்கள்?

நாபா பள்ளத்தாக்கும் 1976-இல் யாருக்கும் தெரியாத பட்டிக்காடு அல்ல. 1889-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே நாபாவின் இங்கிள்நுக் ஒயின் பரிசு வாங்கியிருக்கிறது. 1920 முதல் 1933 வரையிலான மதுவிலக்குதான் அந்தத் தொழிலின் இடுப்பை ஒடித்தது. அதன் பிறகு அரசாங்கப் பணத்தில் டேவிஸ் வளாகத்தில் ஆராய்ச்சி நடந்தது. எந்த வட்டாரத்தில் எவ்வளவு வெப்பம், அங்கே எந்தத் திராட்சை வரும் என்று அங்கிருந்த ஆய்வாளர்கள் அமெரினும் விங்க்லரும் மாநிலத்தையே ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். 1966-இல் மொண்டாவி பெரிய ஆலை கட்டினார். 1969-இல் ஹுப்லைன் என்ற மதுபானக் குழுமம் போலியுவை வளைத்துப்போட்டது. நெஸ்லே 1970-களின் தொடக்கத்திலேயே பெரிஞ்சரை வாங்கியது. பிரான்சின் ஷாம்பேன் சக்கரவர்த்திகளான மொயே ஷாந்தோன் 1973-லேயே நாபாவில் கடை விரித்துவிட்டார்கள். பாரிஸ் தேர்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எதிரணி இந்த மண்ணில் பணம் போட்டிருந்தது என்றால், பிரான்ஸ் கலிபோர்னியாவைக் கண்டு அன்றுதான் அதிர்ந்தது என்று எப்படிச் சொல்வது?

போட்டியில் கலந்துகொண்ட கலிபோர்னிய சிவப்பு ஒயின்களில் ஒன்றான குளோ டியு வாலைச் செய்தவர் பெர்னார் போர்தே என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய அப்பா போர்தோவின் ஷாட்டோ லஃபீட்டில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர். எனவே இரண்டு நாடுகள் மோதின என்பதுகூட அரைகுறை உண்மைதான்.

வெற்றியின் அளவையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஆறு கலிபோர்னிய ஒயின்கள், நான்கு பிரெஞ்சு ஒயின்கள். ஒருவர் 20 மதிப்பெண் போடலாம், ஒன்பது பேர் சேர்ந்தால் 180. சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 127.5, அதன் பின்னால் மூன்று பிரெஞ்சு ஒயின்கள்: மூத்தோன் ரோத்ஷில்ட் 126, ஓ-பிரியோன் 125.5, மொன்ரோஸ் 122. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி ஒன்றரை மதிப்பெண். ஒரே ஒரு நடுவர் ஸ்டாக்ஸ் லீப்புக்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தால் முதலிடம் மூத்தோனுக்குப் போயிருக்கும், இந்தப் படமும் வந்திருக்காது. கடைசி நான்கு இடங்களும் கலிபோர்னியாவுக்கு. அணிவாரியாகக் கூட்டி வகுத்தால் சிவப்பில் பிரெஞ்சு ஒயின்களின் சராசரி சுமார் 117.6, கலிபோர்னியாவுக்குச் சுமார் 95. வெள்ளையிலும் அணிச் சராசரியில் பிரான்ஸ்தான் சற்று முன்னே. அதற்கு 42 மதிப்பெண்ணோடு கடைசியில் நின்ற கலிபோர்னியாவின் டேவிட் புரூஸ் ஒயின் பெரிய காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை எடுத்துவிட்டால் கலிபோர்னியா முன்னே வந்துவிடும். வெள்ளையில் முதலிடம் பிடித்தது சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றி. ஒன்பது நடுவர்களும் ஏதோ ஒரு கலிபோர்னிய ஒயினுக்கே முதலிடம் தந்திருந்தார்கள்: ஆறு பேர் மோன்டலீனாவுக்கு, மூன்று பேர் ஷலோனுக்கு. அந்த ஷலோனின் பேர் இன்று ஒயின் வட்டாரத்துக்கு வெளியே யாருக்குத் தெரியும்?

இப்படிப்பட்ட தேர்வுகளில் நாக்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கலிபோர்னியாவில் சின்ன ஒயின் ஆலை நடத்திவந்த புள்ளியியல்காரர் ராபர்ட் ஹாட்ஜ்சன், அந்த மாநிலத்துப் பெரிய போட்டியின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து ஒரே ஒயினை மூன்று முறை, சொல்லாமல், மற்ற கோப்பைகளோடு கலந்து ஊற்ற ஏற்பாடு செய்தார். அந்த மூன்று கோப்பைக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். அந்த ஆய்வு வெளியானது 2008-இல், படம் வந்த அதே ஆண்டில். ஒன்றரை மதிப்பெண் வித்தியாசத்தை வைத்து ஒரு தேசத்தின் வீரக்கதை எழுதுகிறவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் கலிபோர்னிய ஒயின் சுமார்தானா என்று கேட்டால், அதற்கு நேர் எதிர். அவை வயதேற ஏற வாடிவிடும், போர்தோ ஒயின்கள்தான் நிற்கும் என்று தோல்விக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிவந்தார்கள். 2006-இல், முப்பது ஆண்டுகள் கழித்து, அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் ஒரே சமயத்தில் மறுபடி சுவைத்துப் பார்த்தார்கள். முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே. பாரிஸில் ஐந்தாவதாக வந்த ரிட்ஜ் இந்த முறை முதலிடம். பலசாலியாக வளர்ந்துவிட்டவனைத்தான் படம் நோஞ்சான் என்று காட்டி அனுதாபம் வாங்கிக் கொடுக்கிறது.

வில்லன்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். திமிர் பிடித்த பிரெஞ்சுக்காரர் என்பது ஆங்கிலப் படங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கிற சரக்கு. இங்கே அந்தப் பரிசைக் கொடுத்ததே அவர்கள்தான். அமெரிக்க நடுவர் ஒருவர்கூட மேசையில் இல்லை. ஸ்பரியரும் கேலகரும் சுவைத்துப் போட்ட மதிப்பெண்கள் கணக்கில் சேரவில்லை. ஒன்பது பேரும் தங்கள் நாக்குக்குப் பட்டதை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த சில மாதங்களுக்கு பிரெஞ்சுப் பத்திரிகைகள் வாயைத் திறக்காதது வேறு கதை.

இனி எளியவர் யார் என்று தேடுவோம். அந்த ஷார்டனேயின் திராட்சை பெரும்பகுதி நாபாவிலேயே விளையவில்லை. பக்கத்து சோனோமா மாவட்டத்தின் அலெக்சாண்டர் பள்ளத்தாக்கிலிருந்தும், ரஷ்யன் ஆற்றங்கரையில் சார்லஸ், ஹெலன் பாசிகலுப்பி தம்பதியின் தோட்டத்திலிருந்தும் வந்தது. பாட்டில் லேபிளிலேயே நாபாவோடு அலெக்சாண்டர் பள்ளத்தாக்கின் பேரும் இருந்தது. புகழும் சுற்றுலாப் பணமும் நாபாவுக்குப் போயின. லாரியில் திராட்சை ஏற்றி அனுப்பியவர்களைப் பல ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை, படமும் கேட்கவில்லை.

அந்தத் திராட்சையைப் பறித்த கைகள் இன்னும் கீழே. கலிபோர்னியாவின் டெலானோவில் 1965-இல் பிலிப்பினோத் தொழிலாளர்கள் லாரி இட்லியோங் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சீசர் சாவேஸின் மெக்சிகத் தொழிலாளர்களும் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் போராடினார்கள். அது சாப்பிடும் திராட்சை. 1973-இல் போராட்டம் ஒயின் தொழிலின் ராட்சதனான கேலோ மீது திரும்பியது. அதன் ஒயினை வாங்காதீர்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. பண்ணைத் தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையைச் சட்டமாக்கி கலிபோர்னியா கையெழுத்துப் போட்டது 1975-இல், பாரிஸ் தேர்வுக்கு முந்தைய ஆண்டில். படம் நடக்கும் காலமும் களமும் இதுவே. குஸ்தாவோ என்ற மெக்சிக இளைஞரைப் படத்தில் வைத்து, மண்ணைப் பற்றி உருக்கமாக நாலு வசனமும் கொடுத்திருக்கிறார்கள், அதைப் பாராட்டலாம். தோட்டத்துக்கு வெளியே நடந்த சண்டையின் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

முதலாளிகளிலேயே ஒரு நோஞ்சான்தான் வேண்டும் என்றால் அவரும் கையெட்டும் தூரத்தில் இருந்தார். சிவப்பில் ஜெயித்த வாரன் வினியார்ஸ்கி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தவர். 1964-இல் குடும்பத்தோடு நாபாவுக்குக் கிளம்பி வந்து, கெர்கிச் முதலில் வேலை பார்த்த அதே லீ ஸ்டூவர்ட்டிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். பிறகு அவரும் மொண்டாவியிடம் போனார். அவருக்கும் செலிஷ்சேஃப் ஆலோசனை சொன்னார். 1970-இல் ஒரு பிளம் தோப்பை வாங்கிக் கொடி நட்டார். பாரிஸில் முதலிடம் பெற்றது மூன்றே வயதான கொடிகளின் பழம். வெள்ளையிலும் சிவப்பிலும் ஜெயித்த இருவருமே ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள் என்பதுதான் இந்த நிகழ்ச்சியின் மிகப் பெரிய செய்தி. படமோ மோன்டலீனாவின் வெள்ளை ஒயினைச் சுற்றியே வருவதால் அதைச் சொல்ல வழியே இல்லை.

சின்னவர், பெரியவர் என்ற பிரிவும் வெகுநாள் நீடிக்கவில்லை. மூத்தோன் ரோத்ஷில்டின் உரிமையாளர் பிலிப் த ரோத்ஷில்ட், சேர்ந்து ஒயின் செய்யலாமா என்று மொண்டாவியிடம் பேச்சை ஆரம்பித்தது 1970-இல், பாரிஸ் தேர்வுக்கு ஆறு ஆண்டுகள் முன்னால். அதிலிருந்து பிறந்ததுதான் ஓபஸ் ஒன் என்ற ஒயின். வினியார்ஸ்கி தன் ஆலையை 2007-இல் 18.5 கோடி டாலருக்கு விற்றார். வாங்கியவர்களில் ஒருவர் 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கும் இத்தாலியின் அந்தினோரி குடும்பம். 2008 கோடையில், 'பாட்டில் ஷாக்' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, மோன்டலீனாவை வாங்கப்போவதாக அறிவித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? போர்தோவின் கோஸ் தெஸ்தூர்னெல் தோட்டத்து உரிமையாளர். பரம்பரைப் பிரெஞ்சுக்காரர்களை வீழ்த்திய கதையைத் திரையில் பார்த்து ரசிகர்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஆலை ஒரு போர்தோக்காரருக்குக் கைமாறுவதற்கான ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பேரம் முறிந்துவிட்டது, அது அவர்கள் பாடு.

படம் வந்திருக்காவிட்டால் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்பது கடைசியாக வரும் வாதம். தெரிந்துகொள்ள விரும்பியவர்களுக்கு டேபர் 2005-லேயே முழுப் புத்தகம் எழுதி வைத்திருந்தார். அதில் கெர்கிச், வினியார்ஸ்கி, கேலகர் என்று எல்லோரும் இருக்கிறார்கள், வாசிக்க ஒரு நாவல் போலவும் போகிறது. படம் பரப்பியது அந்தக் கதையை அல்ல.

அதிர்ஷ்டமா, அறிவா என்ற சந்தேகம் இன்னும் யாருக்காவது இருந்தால், இந்தக் கதைக்கு ஒரு இரண்டாம் பாகம் உண்டு. கெர்கிச் மோன்டலீனாவை விட்டு விலகி, காபி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்டின் ஹில்ஸோடு கூட்டு சேர்ந்து 1977 ஜூலை 4 அன்று சொந்த ஆலை தொடங்கினார். 1980-இல் சிகாகோவில் ஷார்டனேக்கு மட்டுமாக ஒரு பெரிய சுவைத்தேர்வு நடந்தது. பிரான்சின் ஒயின்களும் சேர்த்து மொத்தம் 221. முதலிடம் அந்தப் புது ஆலையின் 1977 ஷார்டனேக்கு. பழுப்பேறிய பாட்டிலும் குத்துச்சண்டை மேடையும் அங்கே இல்லை. பெரே தொப்பி இருந்தது, பேரோடும் வசனத்தோடும்.